கடித்த ரொட்டியும் ஆயிரம் வயதுப் பல்கலைக்கழகமும்

சாரிகூர்கான் பருத்தித் தொழில்நுட்பக் கல்லூரியைக் கட்டியபோது சனோபருக்குப் பள்ளிக்கூட வயது. வகுப்பே வரிசையில் நின்று செங்கல்லைக் கைமாற்றிக் கொடுத்தது. திறப்பு விழாவன்று பிள்ளைகளிடம் ஆளுக்கொரு பாப்ளர் கன்றைக் கொடுத்து நடச் சொன்னார்கள். சனோபர் நட்டது இன்றும் வாசல் பக்கத்தில் நெடுநெடுவென்று நிற்கிறது. ஆகவே, அந்தக் கல்லூரி தனது ஆயிரமாவது ஆண்டு விழாவைக் கொண்டாடப்போகிறது என்று மதிலில் துணி கட்டியிருந்ததைப் பார்த்தபோது, அவள் முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தது தன் வயதைத்தான்.

விஷயம் இதுதான். பக்கத்து ஊரான தெரக்லியின் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தொள்ளாயிரம் வயது என்று போன வசந்தகாலத்தில் திடீரென்று தெரியவந்தது. அதற்கு முந்தைய பனிக்காலம்வரை அதற்கு முப்பது வயதுதான். செய்தியைக் கேட்ட நாளிலிருந்து நம் கல்லூரியின் தலைவர் கியாசுத்தீன் தோம்லாவுக்குப் புலாவ் இறங்கவில்லை. தோம்லா என்றால் படித்தவர், சொல்லிக்கொடுப்பவர். அவரை வேறு எப்படியும் கூப்பிட்டு யாருக்கும் பழக்கமில்லை.

“மாட்டுக்கு ஊசி போடுறவனுக்கே தொள்ளாயிரம்னா, பருத்திக்குப் பூச்சி பாக்குற நமக்கு ஆயிரத்துக்கு ஒண்ணு குறைஞ்சாலும் அது மரியாதையா?” என்று கூட்டத்தில் கேட்டார். மரியாதை இல்லை என்று எல்லோரும் கை தூக்கினார்கள்.

முதலில் விழாத் தேதி குறித்தார்கள். பிறகு துணி கட்டினார்கள். பிறகு வரலாறு தேடினார்கள். அதுவும் கிடைத்தது. என்றைக்கோ இந்த வழியாக ஒட்டகத்தில் போன ஒரு பயணி எழுதிவைத்த ஒரே ஒரு வரி: ‘சாரிகூர்கானில் இரவு தங்கினேன்; மாணவர்கள் போட்ட கூச்சலில் தூக்கமில்லை.’

வரலாற்றுத் துறை அந்த வரியைத் துணி பிழிகிற மாதிரி பிழிந்தது. மாணவர்கள் இருந்தார்கள் என்றால் ஆசிரியர்கள் இருந்தார்கள். கூச்சல் என்றால் விவாதம், ஆகவே தர்க்கத் துறை. இரவு என்றால் நட்சத்திரம், ஆகவே வானியல் துறை. தூக்கமில்லை என்றால் அது தேர்வுக்காலம். கடைசியில் ஐந்து துறையும் ஒரு விடுதியும் வெளியே வந்தன. பயணியின் பெயரை ஒரு கழிப்பறைக் கட்டடத்துக்கு அருகிலிருந்த சாலைக்கு வைத்தார்கள்.

இனி வேண்டியது மண்ணுக்குள்ளிருந்து ஒரு சாட்சி. கல்லூரி வளாகத்தைத் தோண்ட முடியாது. அங்கே தோம்லாவின் ரோஜாத் தோட்டம் இருந்தது. வாய்க்கால் ஓரமாகத்தான் அந்தக் காலத்தில் ஆள் தங்கியிருப்பான் என்று ஆராய்ந்து முடிவெடுத்தார்கள். வாய்க்கால் ஓரத்தில் இருந்தது சனோபரின் வீடு.

விழாக் குழுவின் செயலாளர் எர்கின் வந்து சொன்னான், “சனோபர் அக்கா, உங்க முற்றத்துக்கு வரலாற்று முக்கியத்துவம் வந்திருச்சு.”

“எப்ப வந்துச்சு? நேத்துத்தானே பெருக்கினேன்.”

“தோண்டணும் அக்கா. நாட்டுக்காக.”

“நாட்டுக்காகன்னா தோண்டிக்கோ. ஆனா கோழிக்கூண்டுப் பக்கம் மட்டும் மண்வெட்டி வரக்கூடாது. கோழி அடைகாக்குது.”

எர்கின் குழுவைக் கேட்டு வந்தான். கோழிக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

தோண்ட வந்தவள் நோதிரா. தலைநகரில் தொல்லியல் படித்த பெண். முழங்காலில் உட்கார்ந்து தூரிகையால் மண்ணை விலக்குவாள். குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி இருக்கும். சனோபர் பச்சைத் தேநீரும் உலர்ந்த ஆப்ரிகாட் பழமும் கொண்டுபோய்க் குழியின் விளிம்பில் வைப்பாள். ஒரு நாள் நோதிரா அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“இங்க பாருங்க அக்கா.”

சின்ன அறை. இரண்டு பேர் படுத்தால் மூன்றாவது ஆள் நிற்க வேண்டும். மூலையில் கரி படிந்த அடுப்பு, உடைந்த கிண்ணம், மை காய்ந்துபோன ஒரு குட்டி மைக்கூடு. சுவர்ப் பூச்சில் யாரோ ஆணியால் கீறிய படம் ஒன்று: ஒரு வாலும் இரண்டு பின்னங்கால்களும். மீதி உடம்பு, மண்ணுக்குள் கோழிக்கூண்டின் அடியில் போயிருந்தது.

“கழுதையா?”

“கழுதைதான். எவனோ ஒரு பையன் படிக்காம உக்காந்து வரைஞ்சிருக்கான். நெசமாவே இங்க படிச்சிருக்காங்க அக்கா. அறுநூறு வருஷம் முன்னாடி.” சொல்லிவிட்டு வாலின் மேல் ஒட்டியிருந்த மண்ணை ஊதினாள்.

தோம்லா வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“அறுநூறா?”

“ஆமா தோம்லா. மேல கீழ கொஞ்சம் இருக்கலாம்.”

“நானூறு குறையுதே. இதுக்கு அடியில தோண்டு.”

“அடியில போகணும்னா இந்த அறையை உடைக்கணும்.”

“தடைகளை உடைக்கிறதுதானம்மா கல்வி” என்றார் தோம்லா.

உடைத்தார்கள். நோதிரா மைக்கூட்டை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டு போய் வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆட்கள் எழுநூறைத் தாண்டினார்கள், எண்ணூறைத் தாண்டினார்கள். தொள்ளாயிரத்தில் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு தவளைதான் வந்தது. புதன்கிழமை குழு கூடவேண்டும். குழியில் ஆயிரம் இல்லை.

இதற்கிடையில் சனோபருக்கு வேறு ஒரு சந்தோஷம். மகன் தோஹிர் போனில் கூப்பிட்டிருந்தான். ருஷ்யாவில் எங்கோ வடக்கே, கட்டட வேலைக்குப் போய் இரண்டு பனிக்காலம் முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வந்து இறங்குவதாகச் சொன்னான். அவள் உடனே எழுந்து மளிகை அறைக்குப் போய், ஆணியில் தொங்கிய ரொட்டியைத் துணியால் மெல்லத் துடைத்தாள்.

தூரம் போகிறவன் புறப்படும்போது வீட்டு ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுப் போவான். மீதியைத் தாய் சுவரில் மாட்டிவைப்பாள். காய்ந்து கல்லாகும், ஆனால் யாரும் தொடமாட்டார்கள். அவன் பங்கு வீட்டில் மிச்சம் இருக்கிறது, அதைத் தின்ன அவன் வந்துதான் ஆகவேண்டும். வந்ததும் முதல் வாய் அதில்தான். ரொட்டி இல்லாமல் போனால் என்ன ஆகும்? அந்த வாக்கியத்தை இந்த ஊரில் யாரும் முடிப்பதில்லை. மேலத்தெரு ஹுர்மத்தின் ரொட்டியை எலி தின்றது. அவள் பிள்ளை இன்றுவரை போன இடத்திலேயேதான் இருக்கிறான். அவளும் பஸ் வரும் நேரமெல்லாம் வாசலில்தான் நிற்கிறாள்.

தோஹிரின் ரொட்டியில் கடித்த இடம் பார்த்தாலே தெரியும். மல்யுத்தத்தில் அவனுக்கு முன்பல் பாதி உடைந்திருந்தது. கடியின் நடுவில் ஒரு சின்ன மேடு நிற்கும்.

செவ்வாய்க்கிழமை சனோபர் சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள், குழியின் ஓரம் சரிந்து மளிகை அறையின் சுவர் ஆடத் தொடங்கியிருந்தது. ஆட்கள் உள்ளே இருந்ததையெல்லாம் பெட்டிகளில் அள்ளி வெளியே வைத்திருந்தார்கள். சாயங்காலம் பூசணிக்காய் திரும்பி வந்தது, வெங்காயச் சரம் வந்தது, சல்லடை வந்தது. ரொட்டி வரவில்லை.

விடிந்ததும் குழு அலுவலகத்துக்குப் போனாள். வெளியே உட்காரவைத்தார்கள். உள்ளே கூட்டம் முடிந்து கைத்தட்டல் கேட்டது. எர்கின் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“தம்பி, என் ரொட்டி.”

எர்கின் சுற்றும்முற்றும் பார்த்தான். “அக்கா, நேத்து வரைக்கும் அது ரொட்டிதான். இன்னைக்குக் குழு கூடிருச்சு.”

“கூடினா?”

“சுட்ட களிமண் வட்டம்னு முடிவாகியிருக்கு. நடுவுல புள்ளி புள்ளியா இருக்குல்ல, அது பல்கலைக்கழக முத்திரை. ஓரத்துல வில்லு மாதிரி குறையுதுல்ல, படிச்சு முடிச்ச மாணவன் தன் பங்கை உடைச்சு எடுத்துட்டுப் போனது. உலகத்துலயே முதல் பட்டச் சான்று அக்கா. ஆயிரம் வருஷம்.”

“புள்ளி நான் குத்தினதுடா. ரொட்டியில குத்துற முள்முத்திரை எங்க வீட்டுலதான் இருக்கு. நீ சின்னப்பயலா இருந்தப்ப எத்தனை ரொட்டி என்கிட்ட வாங்கித் தின்னிருக்க.”

“தின்னிருக்கேன்தான். அதச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லையே.”

“உள்ள ஒருத்தர்கூடவா ரொட்டினு சொல்லல?”

“நோதிரா சொன்னா. சிறுபான்மைக் கருத்துன்னு எழுதிக்கிட்டாங்க. உணவுப் பழக்கம்ங்கிற தலைப்புல.”

சனோபர் தோம்லாவிடமே போனாள். அவர் எழுந்து நின்று வரவேற்று, தன் கையாலேயே கிண்ணத்தில் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். மரியாதை தெரிந்தவர், அதில் குறை சொல்ல முடியாது.

“எங்க வீட்டுலயும் ஒண்ணு தொங்குது அக்கா. என் பொண்ணு சியோல்ல படிக்கிறா. வருஷம் மூணாச்சு. என் வீட்டுக்காரி முனவ்வர் தினமும் அதத் துடைக்கிறா. எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா குடுத்துருங்க தோம்லா. பையன் வெள்ளிக்கிழமை வர்றான்.”

“நீங்க ஒண்ண யோசிக்கணும். எங்க வீட்டுல இருக்கிறது ரொட்டி. இங்க இருக்கிறது சான்று. ஒரு பொருள் என்னன்னு அந்தப் பொருளா முடிவு பண்ணுது? குழு முடிவு பண்ணுது. இல்லேன்னா குழு எதுக்கு? நாளைக்கு ஒவ்வொரு பொருளும் எழுந்து நான் இது நான் அதுன்னு பேச ஆரம்பிச்சா அறிவியல் நிக்குமா?”

“நான் வேற சுட்டுத் தர்றேன். அதே முத்திரை, அதே அளவு. இத என்கிட்ட குடுத்துட்டு அத வச்சுக்கோங்க.”

தோம்லா கிண்ணத்தைக் கீழே வைத்தார். முகம் மாறியது.

“முத்திரை இன்னும் உங்ககிட்ட இருக்கா?”

அன்று மத்தியானமே எர்கின் வந்து முள்முத்திரையை வாங்கிப் போனான். அதோடு நிற்கவில்லை. அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு முத்திரை உண்டு. பேட்டையைப் பார்த்துக்கொள்ளும் மஹல்லாத் தலைவர் துர்சுன் அண்ணன் வாசல் வாசலாக நின்று கூவினார்: “பழங்காலப் பட்டச் சான்றைப் போலியா தயாரிக்கிறது குற்றம். ரொட்டி சுடுறவங்க இனி மொட்டையாச் சுடணும்.” புள்ளி குத்தாத ரொட்டி தந்தூருக்குள் பலூன் மாதிரி உப்பியது. தெருவே காற்றைத் தின்றது. கல்யாண வீடு ஒன்றில் சம்பந்திகள் அந்த ரொட்டியைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள், அது தனிக்கதை.

கல்லூரியிலோ வேலை மும்முரமாக நடந்தது. உடைந்த ஓரத்தை ஆராயப் பல் மருத்துவர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். அவர் நேர்மையானவர். “இது பல்லால் உடைக்கப்பட்டது” என்று எழுதினார். “உடைத்தவருக்கு முன்பல் பாதி இல்லை.” குழு அசரவில்லை. அந்தக் காலத்தில் பட்டத்தைப் பல்லால் கடித்து உடைப்பதே மரபு என்று தீர்மானம் போட்டது. வாசலில் வைக்கவிருந்த முதல் மாணவர் சிலைக்கு ஒரு பல் பாதி உடைக்கப்பட்டது. சிலை சிரித்தபடி நின்றதால் அது நன்றாகவே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை. பழமையான பல்கலைக்கழகங்களின் உலகக் கூட்டமைப்பிலிருந்து ஒரு வெள்ளைத்தாடிக்காரர் வந்திறங்கினார். அவர் பார்த்துத் தலையசைத்தால் ஆயிரம் உறுதி. கண்ணாடிப் பெட்டியில், சிவப்பு வெல்வெட்டின் மேல், தோஹிரின் ரொட்டி படுத்திருந்தது. பக்கத்தில் இரண்டு காவலர்கள்.

அதே மத்தியானம் சனோபர் பஸ் நிலையத்தில் நின்றாள். தோஹிர் மெலிந்து, கறுத்து, தோளில் பெரிய பையோடு இறங்கினான். கட்டிப்பிடித்தாள், நெற்றியில் முத்தமிட்டாள். அவன் வீட்டுப் பக்கம் திரும்பியதும் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அந்தப் பக்கம் போகாதே. வீட்டுக்குள்ள காலை வைக்கக்கூடாது.”

“ஏம்மா, என்ன தப்பு பண்ணேன்?”

“உன் ரொட்டி வீட்டுல இல்ல.”

அவன் முகம் வெளுத்தது. “எலியா?”

“எலியா இருந்தா பூனைய விட்டிருப்பேன். பல்கலைக்கழகம்.”

வழிநெடுகச் சொல்லிக்கொண்டே கூட்டிப்போனாள். அவன் பாதியை நம்பவில்லை. வாசலில் சிலையைப் பார்த்ததும் நின்றுவிட்டான். நாக்கால் தன் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். காவலர்கள் அவனைப் பார்த்தார்கள், சிலையைப் பார்த்தார்கள், வழிவிட்டார்கள்.

உள்ளே தோம்லா பேசிக்கொண்டிருந்தார். “இந்தச் சான்று நமக்குச் சொல்வது என்ன? இங்கே கல்வி இருந்தது என்று சொல்கிறது. இன்றைக்கு இங்கே கல்வி இருக்கிறதா என்று யாரும் கேட்க முடியாத அளவுக்கு உறுதியாகச் சொல்கிறது.” கைத்தட்டல். விருந்தினர் அருகில் போய்ப் பார்க்க ஆசைப்பட்டார். பெட்டியைத் திறந்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். முகர்ந்தார். நெற்றி சுருங்கியது.

அந்த நேரத்தில்தான் சனோபர் மகனை முன்னே தள்ளினாள்.

“கடி.”

தோஹிர் இரண்டு கையாலும் ரொட்டியை எடுத்து, பிஸ்மில்லா சொல்லி, கடித்தான். கல், இறங்கவில்லை. விருந்தினருக்கு வைத்திருந்த தேநீர்க் கிண்ணத்தில் ஓரத்தை முக்கினான். மறுபடி கடித்தான். கண்ணில் நீரோடு மென்று விழுங்கினான். பழைய கடிக்குப் பக்கத்தில் புதுக் கடி. இரண்டின் நடுவிலும் ஒரே மாதிரி சின்ன மேடு.

 சபையில் இருந்தவர்களில் பாதிப்பேர் வீட்டிலும் இப்படி ஒரு ரொட்டி தொங்கியது. எர்கினின் உதடு தானாகவே “வா தம்பி, வந்துட்டியா” என்று முணுமுணுத்தது.

விருந்தினர் நோதிராவிடம் என்னவோ கேட்டார். அவள்தான் அன்றைக்கு மொழிபெயர்ப்பு. “என்ன நடக்குதுன்னு கேக்குறார் தோம்லா.”

தோம்லா தோம்லாதான். ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. “எங்கள் பட்டமளிப்புச் சடங்குன்னு சொல்லு. தூரதேசம் போன மாணவன் திரும்பி வந்தா மிச்சப் பங்கைச் சாப்பிடணும். ஆயிரம் வருஷ வழக்கம்.”

நோதிரா அப்படியே சொன்னாள். பாவம், அவள் அன்று சொன்னதில் உண்மைக்கு மிகப் பக்கத்தில் இருந்தது அதுதான். வெள்ளைத்தாடிக்காரருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. எத்தனையோ பல்கலைக்கழகம் பார்த்திருக்கிறேன், எல்லாம் செத்த கல், இங்கேதான் வழக்கம் உயிரோடு இருக்கிறது என்றார். தானும் ஒரு துண்டு கேட்டார். தோஹிர் ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் பிட்டுக் கொடுத்தான். தோம்லா தன் பங்குச் சான்றை நெடுநேரம் மென்றார். வெல்வெட்டில் பொடிதான் மிச்சம்.

கிளம்பும்போது விருந்தினர் சொன்னது இடிபோல விழுந்தது. அடுத்த மாதம் முழுக்குழுவோடு வருகிறாராம். அடுத்த சான்றைப் படம்பிடிக்க வேண்டுமாம். வழக்கம் உயிரோடு இருந்தால் சான்று ஒன்றோடு நிற்காதல்லவா.

மறுநாள் குழு கூடியது. நன்றாகக் காய்ந்து, பழுத்து, ஆயிரம் வயதுக்குத் தோதான ரொட்டி ஊரில் வேறு எங்கே இருக்கிறது என்று விசாரித்தார்கள். ஹுர்மத்திடம் இல்லை, எலி தின்றுவிட்டது. வேறு சில வீடுகளில் ஆறு மாதம், எட்டு மாதம், போதாது. கடைசியில் எர்கின் எழுந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, மூன்று வருஷம் ஆனது ஒன்று இருப்பதாகச் சொன்னான். எல்லோரும் தோம்லாவைப் பார்த்தார்கள்.

தோம்லா வீட்டுக்குப் போனார். எர்கினும் பெட்டியோடு பின்னால் போனான். அவன் சொல்லித்தான் ஊருக்கே தெரியும். முனவ்வர் மளிகை அறை வாசலில் கையில் மாவுக்கட்டையோடு நின்றாளாம்.

“முனவ்வர், அது இனிமே ரொட்டி இல்ல, குழு…”

“கை வைங்க பாக்கலாம்.”

“அறிவியல்னு ஒண்ணு…”

“என் பொண்ணு திரும்பி வர்ற வழியில கை வைங்க. பாக்கலாம்.”

தோம்லா ரொட்டியைப் பார்த்தாராம். மகள் கடித்த இடம் சின்னது. கோழி கொத்தின மாதிரி. அவசரமாக விமானத்துக்குக் கிளம்பிய அன்று கடித்தது.  பிறகு துணியை எடுத்து, தூசி இல்லாத இடத்தையே இரண்டு தடவை துடைத்துவிட்டுத் திரும்பினாராம்.

திங்கட்கிழமை குழுவுக்கு முன்னால் அவர் பேசினார். “ஆயிரம் என்று சொல்வது எளிது. ஆனால் அவசரப்பட்டு வயதைக் கூட்டிக்கொள்வது நம் போன்ற நிறுவனத்துக்கு அழகல்ல. உண்மை எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போகவேண்டும். அறுநூறும் நல்ல வயதுதான். நோதிரா, அந்த அறை எங்கே?”

“நீங்கதான் உடைக்கச் சொன்னீங்க தோம்லா.”

“முழுசாவா உடைச்சீங்க?” அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

“கோழிக்கூண்டுக்கு அடியில ஒரு மூலை இருக்கு.”

குஞ்சு பொரித்திருந்தது. ஆகவே சனோபர் கூண்டை நகர்த்த அனுமதித்தாள். முள்முத்திரை முதலில் கைக்கு வந்தபிறகுதான். நோதிரா தூரிகையோடு முழங்காலிட்டாள். தோஹிர் குழியை மூடிக்கொண்டிருந்தவன் மண்வெட்டியை ஊன்றி நின்று பார்த்தான். சுவரின் மீதிப்பாதி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. கழுதையின் வயிறு. முன்னங்கால்கள், அவற்றுக்கு நடுவில் விரித்த புத்தகம். கடைசியில் தலை, தலையில் பெரிய தலைப்பாகை. அதன் முன்னால் வரிசையாகச் சின்னச் சின்ன உருவங்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தன.

தோம்லா குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“அருமை. அறுநூறு வருஷம். யாரைப் பாத்து வரைஞ்சிருப்பான்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்.”

நோதிரா தூரிகையைக் கடித்துக்கொண்டாள். தோஹிர் உடைந்த பல் தெரியச் சிரித்தான்.

“குழுவைக் கூட்டுங்க தோம்லா” என்றாள் சனோபர், புள்ளி குத்திய சூடான ரொட்டியை அவர் கையில் கொடுத்து. “அவங்க பாத்ததும் சொல்லிருவாங்க.”